மூடினால் எல்லா விளக்கும் அணைகிறது: கொலுவுக்குள் விண்கலத்தைத் தயார் செய்ய உதவுங்கள்

சத்துவாச்சாரி அப்பா

வணக்கம். வேலூரிலிருந்து எழுதுகிறேன். பையன் எட்டாவது படிக்கிறான். காவலூர் வானாய்வகத்துக்குக் கூட்டிப்போய் அந்த 2.34 மீட்டர் தொலைநோக்கியைக் காட்டியதிலிருந்து வீட்டில் வேறு பேச்சு இல்லை. அவன் மாமா துபாயிலிருந்து வரும்போது ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்க டிவி தொடரில் வரும் எண்டர்பிரைஸ் விண்கலத்தின் மாடல் கிட் ஒன்றை வாங்கி வந்தார். 1/1000 அளவு. ஒட்டி முடித்தால் ஒரு அடிக்குக் கொஞ்சம் குறைவு. தெரியாதவர்களுக்கு: மேலே பெரிய தட்டு, கீழே சுரைக்காய் மாதிரி வயிறு, பின்னால் மெல்லிய கால்களில் நிற்கும் இரண்டு எஞ்சின் குழாய்.

எங்கள் கிட்டில் விளக்கு கிடையாது. "கொலுவில் வைக்கலாம், ஆனா லைட் எரியணும்" என்பது பையனின் நிபந்தனை. எனக்கு மின்சாரம் என்றால் சீரியல் செட்டை மாட்டி ஸ்விட்ச் போடுகிற அளவுக்குத்தான் தெரியும்.

செய்தது இதுதான். தட்டுக்குள் 4 வெள்ளை எல்இடி. இரண்டு எஞ்சின் முனையிலும் ஒவ்வொரு சிவப்பு. தட்டின் இடது ஓரம் ஒரு சிவப்பு, வலது ஓரம் ஒரு பச்சை. மொத்தம் 8. பழைய போன் சார்ஜர், 5 வோல்ட். கடைக்காரர் கரண்ட்டைக் குறைக்கும் 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்று கொடுத்து, "இதைப் போட்டுக்கோ சார், ஒன்னும் ஆகாது" என்றார். அதை ப்ளஸ் ஒயரில் போட்டு எட்டையும் பக்கம் பக்கமாகச் சேர்த்துவிட்டேன்.

பிரச்சினை இரண்டு. வெள்ளையை மட்டும் இணைத்தால் சுமாராக எரிகிறது. சிவப்பைச் சேர்த்த நொடியில் வெள்ளை நாலும் செத்துவிடுகிறது, பச்சை கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் எரிகிறது. இரண்டாவது, மேல் பாதியையும் கீழ் பாதியையும் சேர்த்து மூடினால் சிவப்பும் போய்விடுகிறது. திறந்தால் திரும்ப வருகிறது. இன்னும் பசை போடவில்லை, ரப்பர் பேண்டு போட்டுத்தான் பார்க்கிறேன். கொலுவுக்கு 12 நாள் இருக்கிறது.

ஓய்வு சிக்னல்காரர், ஜோலார்பேட்டை

முதல் பிரச்சினைக்குப் பதில் உங்கள் ஒற்றை ரெசிஸ்டர்தான். சிவப்பு எல்இடி சுமார் 2 வோல்ட்டிலேயே எரியத் தொடங்கிவிடும். வெள்ளைக்கு 3 வோல்ட்டாவது வேண்டும். எட்டையும் ஒரே ரெசிஸ்டருக்குப் பின்னால் பக்கம் பக்கமாகப் போட்டால், சிவப்பு பந்தியில் முதலில் உட்கார்ந்து வந்த கரண்ட்டை எல்லாம் சாப்பிட்டுவிடும். மொத்த வோல்ட்டும் 2க்குப் பக்கத்திலேயே நின்றுவிடும். வெள்ளைக்கு இலையே போடவில்லை, அப்புறம் எங்கே எரிவது?

ஒவ்வொரு எல்இடிக்கும் தனி ரெசிஸ்டர் போடுங்கள். 5 வோல்ட்டில் வெள்ளையின் 3.1 போனால் மீதி 1.9. அதற்கு 150 ஓம் போட்டால் சுமார் 13 மில்லி ஆம்பியர் ஓடும். சிவப்புக்கு மீதி 3, அதற்கு 220 ஓம், அதே 13 சொச்சம். உங்கள் பச்சை மங்கலாக எரிவதைப் பார்த்தால் பழைய 2.1 வோல்ட் ரகம், அதற்கும் 220 போதும். எட்டும் சேர்ந்து 105 மில்லி ஆம்பியர் வரும். போன் சார்ஜருக்கு அது தூசு.

ரெசிஸ்டர் எஞ்சின் குழாய்க்குள் நுழையாது என்று கவலைப்படாதீர்கள். எல்இடி பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று சட்டமில்லை. வயிற்றுக்குள் வைத்து ஒயரை மட்டும் மேலே அனுப்புங்கள்.

இரண்டாவதைப் பற்றி இப்போது சொல்ல மாட்டேன். முதலில் இதை முடியுங்கள். இரண்டு கோளாறை ஒரே நேரத்தில் தேடினால் மூன்றாவது ஒன்றை நாமே உண்டாக்குவோம்.

காட்பாடி ஹாஸ்டல்வாசி

அங்கிள், இரண்டாவது கண்டிப்பாக லூஸ் கனெக்‌ஷன். மூடும்போது ஒயர் மடங்கி உள்ளே அறுந்திருக்கும். எஞ்சின் காலுக்கு என்ன ஒயர் போட்டீர்கள்? பேசாமல் ஒரு ஆர்டுயினோ (புரோகிராம் போட்டு இயக்கும் சின்ன சர்க்யூட் போர்டு) வைத்து எட்டையும் தனித்தனியாகக் கன்ட்ரோல் பண்ணலாமே. எஞ்சின் சுழல்கிற மாதிரிகூடக் காட்டலாம்.

ஓய்வு சிக்னல்காரர், ஜோலார்பேட்டை

தம்பி, வீட்டுக்கு முதலில் கூரை போடுவோம், ஏசி அப்புறம்.

சத்துவாச்சாரி அப்பா

ஐயா, நீங்கள் சொன்னபடி நேற்று ராத்திரி எட்டு ரெசிஸ்டரும் போட்டேன். வெள்ளை நாலும் பிரமாதம்! பையன் ஃபேனை நிறுத்திவிட்டு இருட்டில் உட்கார்ந்து பார்த்தான், ஃபேனுக்கும் வெளிச்சத்துக்கும் என்ன சம்பந்தம் என்று தெரியவில்லை.

காட்பாடி தம்பி கேட்ட ஒயர்: மோட்டார் வைண்டிங் கடையில் 36 கேஜ் செம்புக் கம்பி கேட்டு வாங்கினேன். காசு வாங்கவில்லை. காலின் உள்பக்கம் கத்தியால் மெல்லிய பள்ளம் கீறி அதில் படுக்க வைத்திருக்கிறேன். ஆனால் இப்போது இடது எஞ்சின் மட்டும் எரியவில்லை.

மூடும் பிரச்சினை அப்படியே இருக்கிறது. இன்னும் மோசம் என்றே சொல்லலாம். மூடினால் விளக்கோடு சார்ஜரில் இருக்கும் சின்ன பச்சை விளக்கும் அணைகிறது. திறந்து ஒரு நிமிஷம் கழித்துத்தான் அதற்கு உயிர் வருகிறது.

காட்பாடி ஹாஸ்டல்வாசி

இடது எஞ்சினுக்கு நான் பொறுப்பு. வைண்டிங் கம்பி மேல் எனாமல் பூச்சு இருக்கும், பார்த்தால் வெறும் செம்பு மாதிரியே தெரியும். முனையை பிளேடால் பளபளவென்று சுரண்டிவிட்டு சால்டர் பண்ணுங்கள். இல்லாவிட்டால் ஈயம் மேலே உருண்டையாக உட்கார்ந்திருக்கும், உள்ளே ஒட்டியிருக்காது.

ஆனால் சார்ஜர் விளக்கும் அணைகிறது என்றால் என் லூஸ் கனெக்‌ஷன் கதை செல்லாது. அறுந்த ஒயர் சார்ஜரை ஒன்றும் செய்யாது.

ஓய்வு சிக்னல்காரர், ஜோலார்பேட்டை

சபாஷ். அறுந்தால் விளக்கு மட்டும் அணையும். ப்ளஸ்ஸும் மைனஸும் நேராகச் சேர்ந்தால்தான் சார்ஜர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மூடிக்கொள்ளும். இது ஷார்ட். மூடும்போது உள்ளே எதோ ஒன்று இரண்டையும் தொடுகிறது. அது என்ன?

ஆம்பூர் ஷூ டிசைனர்

இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். வீட்டில் நானும் கிட் ஒட்டுகிறவன்தான். அண்ணா, ஒரு கேள்வி. வெள்ளை பிளாஸ்டிக் சுவர் வழியாக வெளிச்சம் கசிந்து கப்பலே பப்பாளிப்பழம் மாதிரி ஒளிருமே, அதை எப்படி மறைத்தீர்கள்?

சத்துவாச்சாரி அப்பா

அதை மட்டும் நன்றாகவே செய்திருக்கிறேன் தம்பி. பிரியாணி பார்சலில் வரும் சில்வர் ஃபாயிலைக் கழுவித் துடைத்து, தட்டின் உள்பக்கம் மேலும் கீழும் வயிறு வரைக்கும் ஒட்டியிருக்கிறேன். வெளிச்சம் துளி கசியவில்லை, உள்ளே எதிரொளித்துப் பிரகாசமாகவும் இருக்கிறது. உங்கள் ஊர் பிரியாணிதான்.

ஆம்பூர் ஷூ டிசைனர்

அது அலுமினியம் அண்ணா!

ஓய்வு சிக்னல்காரர், ஜோலார்பேட்டை

கண்டுபிடித்தாயிற்று. மல்டிமீட்டர் இருந்தால் பீப் அடிக்கும் இடத்தில் வையுங்கள். சார்ஜரைக் கழற்றிவிட்டு, ஒரு முனையை ஃபாயிலிலும் மறு முனையை ப்ளஸ் முடிச்சிலும் வைத்து, கையால் மெதுவாக மூடிப் பாருங்கள். அப்புறம் மைனஸ் முடிச்சு. இரண்டிலும் பீப் வந்தால் அதுதான் ஆள்.

சத்துவாச்சாரி அப்பா

பக்கத்து வீட்டு ஏசி மெக்கானிக்கிடம் மீட்டர் வாங்கினேன். ப்ளஸ்: பீப். மைனஸ்: பீப். எட்டு ஒயரையும் முறுக்கி சால்டர் வைத்த இரண்டு முடிச்சும் மொட்டையாக நிற்கின்றன. மூடும்போது மேல் ஃபாயில் இரண்டின் தலையிலும் உட்காருகிறது. முதலில் ஒரே ரெசிஸ்டர் இருந்தபோது அது நடுவில் நின்று சார்ஜரைக் காப்பாற்றியிருக்கிறது போலும். அது சுட்டது நினைவிருக்கிறது, நான்தான் கண்டுகொள்ளவில்லை.

ஃபாயிலைக் கிழித்துவிட்டு ஷூவுக்கு அடிக்கும் கறுப்புத் தோலை ஒட்டலாமா? ஆம்பூர் தம்பி சொன்னால் சரி.

ஆம்பூர் ஷூ டிசைனர்

தோல் வேண்டாம், அதற்குப் போடும் சொல்யூஷன் கூடவே கூடாது. அதில் இருக்கும் கரைப்பான் இந்த பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். நான் ஒரு தடவை போட்டு கப்பலின் முதுகு குழைந்து போனது.

ஃபாயில் இருக்கட்டும். அதன் மேல் இன்சுலேஷன் டேப். முடிச்சுகளுக்கு சூடு பட்டால் சுருங்கும் பிளாஸ்டிக் ஸ்லீவ் போட்டு லைட்டரால் சுருக்குங்கள். அடுத்த கப்பலுக்கு உள்பக்கம் ஒரு கோட் கறுப்பு, காய்ந்ததும் அதன் மேல் ஒரு கோட் வெள்ளை பெயின்ட் அடித்தால் போதும். கறுப்பு வெளிச்சத்தை அடைக்கும், வெள்ளை எதிரொளிக்கும். பெயின்ட் ஷார்ட் ஆகாது.

இன்னொன்று: கண்ணாடி ஜன்னல்களை சூப்பர் க்ளூவால் ஒட்டாதீர்கள், ஆவி படிந்து பனிமூட்டம் போட்ட மாதிரி ஆகிவிடும். வெள்ளை ஃபெவிகால் போதும்.

காட்பாடி ஹாஸ்டல்வாசி

ஒயர் வெளியே வர ஓட்டை எங்கே போடப் போகிறீர்கள்? இடது பக்கம் போடுங்கள். 1960களில் படப்பிடிப்புக்குச் செய்த 11 அடி மாடலிலேயே அப்படித்தான் செய்தார்கள். விளக்குக்கான ஒயர் எல்லாம் இடது பக்கம் வெளியே வந்ததால் வலது பக்கத்தை மட்டும் படம் பிடித்தார்கள். அந்த மாடல் இப்போது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் வானூர்தி விண்வெளி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நீங்களும் பச்சை விளக்கு இருக்கும் பக்கத்தைக் கொலு பார்க்க வருகிறவர்களுக்குக் காட்டுங்கள், முடிந்தது.

அப்புறம், கரண்ட் போனால் பவர் பேங்கில் மாட்டலாம் என்று நினைத்தால் முன்னாடியே சோதித்துப் பாருங்கள். 100 மில்லி ஆம்பியர் மாதிரி குறைவாக எடுத்தால் சில பவர் பேங்குகள் போன் சார்ஜ் ஆகி முடிந்தது என்று நினைத்து அணைந்துவிடும்.

சத்துவாச்சாரி அப்பா

மூடியாயிற்று, எட்டும் எரிகிறது. ராத்திரி முழுக்க விட்டுப் பார்த்தேன், ரெசிஸ்டர் லேசான வெதுவெதுப்பு, அவ்வளவுதான். இடது எஞ்சின் தம்பி சொன்ன எனாமல்தான். என் பவர் பேங்க் அரை நிமிஷத்தில் அணைந்துவிட்டது, அதனால் இன்வெர்ட்டர் பிளக்குக்கு மாற்றிவிட்டேன். ஒட்டும்போது இடது பக்க விளிம்பில் தலைமுடி அளவு இடைவெளி விழுந்து வெளிச்சம் கசிகிறது. அது சுவர்ப் பக்கம், அப்படியே விட்டுவிட்டேன்.

எந்தப் படியில் வைப்பது என்று இப்போது வீட்டில் வழக்கு. ஓரறிவு உயிரிலிருந்து கடவுள் வரை வரிசை வைக்கிற அம்மாவுக்கு இது எத்தனை அறிவு என்று தெரிய வேண்டுமாம். கடைசியில் கீழே பார்க்கில், செட்டியார் பொம்மையின் பலசரக்குக் கடைக்குப் பக்கத்தில் இடம் கொடுத்திருக்கிறார். எதிர்வீட்டுப் பெரியம்மா ஒத்திகையின்போதே வந்து பார்த்து, "லைட் போட்ட இட்லித் தட்டு நல்லா இருக்கே" என்றார். பையன் அவரை உட்கார வைத்து இருபது நிமிஷம் விளக்கிக்கொண்டிருக்கிறான்.