சால்டரிங் பழகினா வேலைக்கு ஒதவுமுங்களா?

பல்லடத்துக்காரன்:
ஏனுங்ண்ணா, ஈசிஈ ரெண்டாம் வருசம் படிக்கறேனுங்க, வீட்ல தறி. 25 வாட் சால்டரிங் அயர்ன் வெச்சு பழைய சார்ஜர், ரேடியோன்னு பிரிச்சு சால்டர் பண்றேன், ஆனா ஒட்டுன எடம் மங்கலா உருண்டையா நிக்குது, இழுத்தா வந்துருதுங்க. கூடப் படிக்கறவங்க கோடிங் மட்டும் படிங்கறாங்க. இதை நம்பலாமுங்களா?

பீளமேடு சர்வீஸ்:
தம்பி, ஈயத்தை முனையில உருக்கிக் கொண்டுபோய்த் தடவறீங்கன்னு நெனைக்கறேன், அதான் டிரை சால்டர், சரியாப் புடிக்காத ஒட்டு. போர்டுல இருக்கற செம்புப் பேடையும் பார்ட்டோட காலையும் சேர்த்து ரெண்டு செகண்ட் சூடு பண்ணிப்போட்டு அப்பறமா ஈயத்தைக் காட்டுங்க, தானா ஓடும். 63/37 ஈயம் (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு காரீயம்) வாங்குங்க, 183 டிகிரில உருகி அதே சூட்டுல இறுகிரும், 60/40 மாதிரி நடுவுல கூழா நிக்காது. அதுல காரீயம் இருக்கு, கை கழுவாம சாப்புடாதீங்க கண்ணு. அப்பறம் சார்ஜர்ல இருக்கற பெரிய கெப்பாசிட்டர்ல பிளக்கைப் புடுங்குன பொறவும் 325 வோல்ட் வரைக்கும் நிக்கும், ரெசிஸ்டர் வெச்சு அந்த வோல்ட்டை எறக்கி மீட்டர்ல பாத்துட்டுத்தான் தொடோணும்.

மில்லுக்காரன்:
நான் ஸ்பின்னிங் மில்லுல ஆட்டோகோனர் (நூல் சுத்தற மெஷின்) போர்டு ரிப்பேர்ல ஆரம்பிச்சு இப்ப பம்ப் கன்ட்ரோலருக்கு ஃபர்ம்வேர் (சிப்புக்குள்ள ஓடற கோடு) எழுதறனுங்க. ஒருக்கா ரெண்டு நாள் கோடுலயே தப்புத் தேடுனோம், கடைசில பாத்தா சிப்புக்கு கிளாக் குடுக்கற கிரிஸ்டலோட கால் ஒட்டவேயில்ல. கோடிங்கை விடாதீங்க, சி லாங்குவேஜ் படிங்க, ஆனா அயர்னையும் கீழ வெக்காதீங்க, ரெண்டும் தெரிஞ்ச ஆளு எங்க டீம்ல லேசுல கெடைக்கறதில்ல.

பல்லடத்துக்காரன்:
சூடு பண்ணிட்டு ஈயம் வெச்சேனுங்ண்ணா, பளபளன்னு ஓடுது! அடுத்து அப்பாவோட தறிக்கு ஒரு பிக் கவுண்டர் (ஊடை நூலை எண்ணற மீட்டர்) பண்ணப் போறேன்.