புதுப்பிப்பு: சீரியல் நம்பர் இல்லாத உக்ரைன் கூப்பன் நோட்டு

போன மாதம் என் 1991 உக்ரைன் 10 கூப்பன் நோட்டில் (தற்காலிகப் பணமாக அடித்த நோட்டு) சீரியல் நம்பரே இல்லையே, போலியா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. நோட்டு அசல்தான்.

"வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்" என்ற யோசனைதான் கைகொடுத்தது, தாளுக்குள்ளே நீர்க்குறி தெளிவாகத் தெரிந்தது. சோவியத் ரூபிள் தட்டுப்பாட்டில் 1992 ஜனவரியில் அவசரமாகப் புழக்கத்துக்கு வந்த இந்த முதல் வரிசைக்கு நம்பரே அடிக்கவில்லையாம், 1996-ல் உக்ரைனின் இன்றைய பணமான ஹிரிவ்னியா வந்தபோது 1,00,000 கார்போவனெட்ஸுக்கு (இந்தக் கூப்பன் பணத்தின் பெயர்) ஒரு ஹிரிவ்னியாதான் கொடுத்திருக்கிறார்கள் (என் பத்துக்கு என்ன கிடைத்திருக்கும்!).

எதிர்பாராதது ஒன்று: பழைய பிவிசி உறை பிசுபிசுத்து, நோட்டில் அச்சிட்டிருக்கும் லிபித் (கீவ் நகரை நிறுவியதாகச் சொல்லப்படும் சகோதரர்களின் தங்கை) சிலையின் முகத்தருகே லேசாகக் கறை. துடைக்கவில்லை, மைலார் (பாலியெஸ்டர் பிளாஸ்டிக்) உறைக்கு மாற்றிவிட்டேன்.