சிரட்டைக் கரி போட்டும் குளோரின் வாடை போகவில்லை, இந்த 'ஆக்டிவேஷன்' என்றால் என்னதான்?

திங்கள்சந்தை_தென்னை கேட்டது:

எங்கள் வீட்டில் பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீர்தான். போன மாதத்திலிருந்து ப்ளீச்சிங் பவுடர் வாடை தாங்கவில்லை, காப்பியில்கூடத் தெரிகிறது. ஃபில்டருக்குள் இருக்கும் கரி சிரட்டையில் செய்ததுதான் என்று கடைக்காரர் சொன்னதும், சிரட்டைக்கா நம்ம ஊரில் பஞ்சம் என்று நானே இறங்கிவிட்டேன். பழைய தகர டின்னில் சிரட்டையை அடுக்கி மூடி, மூட்டம் போட்டு, கரியை உடைத்து, இரண்டு நாள் வெயிலில் காயப்போட்டு (அப்படிச் செய்தால் ஆக்டிவேட் ஆகும் என்று ஒரு வீடியோ), துணிக்கு நடுவே வைத்து தண்ணீரை விட்டால் வாடை அப்படியே இருக்கிறது, தண்ணீர்தான் கறுத்துப்போனது. வீட்டுக்காரி ஒரு வார்த்தை சொல்லவில்லை, அது இன்னும் மோசம்.

இதற்கிடையில் பிளஸ் டூ படிக்கிற மகள் வேதியியலில் 'கிளர்வு ஆற்றல்' என்று ஒரு பாடம் வைத்துக்கொண்டு, "அப்பா, அப்போ ஆக்டிவேட்டட் கரியில் ஆற்றல் ஏறியிருக்குமா?" என்று கேட்கிறாள். எங்கள் அப்பாவின் ரத்தப் பரிசோதனைச் சீட்டிலும் ஒரு டெஸ்ட் 'ஆக்டிவேட்டட்' என்றுதான் தொடங்குகிறது. அவருக்குக் கிட்னி சரியில்லை, அதனால் விட்டமின் டி-யில் 'ஆக்டிவ்' வகை மாத்திரை எழுதியிருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பரசேரி_பையன்:

சிம்பிள் அண்ணா, ஆக்டிவேஷன் என்றால் பவர் ஏற்றுவது. கரியை எலுமிச்சைச் சாற்றில் ஒரு நாள் ஊறப்போடுங்கள், சரியாகிவிடும்.

மூட்டக்காரன்:

தம்பி, எலுமிச்சை வேண்டாம், அதை மீன் குழம்புக்காவது வை. சாறு கரியில் இருக்கிற சாம்பலைக் கொஞ்சம் கரைக்கும், அதற்கு மேல் ஒன்றும் நடக்காது.

நான் சிரட்டைக் கரி வாங்கி ஆலைக்கு ஏற்றிவிடுகிற தொழிலில் இருக்கிறேன், அதனால் பார்த்ததைச் சொல்கிறேன். நீங்கள் செய்தது பாதி வேலை. காற்றுப் புகாமல் 400, 500 டிகிரியில் சுட்டால் கிடைப்பது வெறும் கரி. அதன் துளைகள் பெரும்பாலும் தாரும் பிசினும் அடைத்துக் கிடக்கும். ஆலையில் அதைத் திரும்பவும் உலையில் போட்டு 800 முதல் 1000 டிகிரி வரை சூடாக்கி நீராவியை உள்ளே விடுவார்கள். நீராவி கரியையே தின்னும். கரியும் நீராவியும் சேர்ந்து கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனுமாகப் பறந்துபோக, தின்ற இடமெல்லாம் நுண்ணிய துளையாகிவிடும். உள்ளே போன எடையைவிட வெளியே வருவது குறைவு. எதையும் ஏற்றுவது இல்லை, இருப்பதை அரித்து எடுப்பதுதான் ஆக்டிவேஷன்.

அப்படி அரித்த நல்ல கரியில் ஒரு கிராமுக்கு உட்பரப்பு சுமார் 1000 சதுர மீட்டர் வரும். நம்ம கணக்கில் ஏறக்குறைய 25 சென்ட். ஒரு சிட்டிகைக் கரிக்குள்ளே வீடு கட்டி, கிணறு வெட்டி, நாலு தென்னையும் வைக்கலாம் மக்கா. அந்தப் பரப்பில்தான் வாடைப் பொருள்கள் ஒட்டுகின்றன. குளோரின் மட்டும் சும்மா ஒட்டிக்கொண்டு இருக்காது, கரியோடு வினைபுரிந்து குளோரைடாக மாறிவிடும், அதனால்தான் வாடை போகிறது. வெயிலில் காயவைத்தால் ஈரம் போகும், அவ்வளவுதான்.

இன்னொன்று, வீட்டில் டின்னுக்குள் நீராவி விட்டுப் பார்க்கலாம் என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். வெளியே வருவதில் ஒன்று மூச்சை நிறுத்தும் வாயு, இரண்டுமே தீப்பிடிக்கும்.

திங்கள்சந்தை_தென்னை:

25 சென்ட்! எனக்கு மொத்தமாகவே 12 சென்ட்தான் இருக்கிறது. அப்போ என் மகள் கேட்டதற்கு?

டியூஷன்_வாத்தியார்:

பாப்பா கேட்டது நல்ல கேள்வி. அந்தக் கரியில் ஆற்றல் ஏறவில்லை. கிளர்வு ஆற்றல் என்பது ஒரு பொருளுக்குள் இருக்கும் சரக்கும் இல்லை, வினை நடக்கத் தாண்டவேண்டிய வரப்பு அது. தீக்குச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். எரிய வேண்டியதெல்லாம் குச்சியிலேயே இருக்கிறது, பெட்டிக்குள் வருஷக்கணக்காகச் சும்மா கிடக்கிறது. உரசினால் வருகிற சூடு அந்த வரப்பைத் தாண்டவைக்கிறது, அப்புறம் அது தன்னால் எரிகிறது. சூடு ஏறினால் வினையின் வேகம் எப்படிக் கூடுகிறது என்று அர்ரேனியஸ் என்ற வேதியியல் விஞ்ஞானி 1889-இல் இதை வைத்துத்தான் கணக்குப் போட்டார்.

வரப்பைத் தாண்ட இரண்டு வழி உண்டு. ஒன்று சூடு கொடுப்பது, இன்னொன்று வரப்பையே தாழ்த்துவது. இரண்டாவதைச் செய்வதுதான் வினையூக்கி, உடம்புக்குள் அந்த வேலை என்சைமுக்கு. புண்ணில் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றியதும் நுரைக்கிறதே, பாட்டிலில் மெதுவாகச் சிதைகிற அதே மருந்துதான் அது, ரத்தத்தில் இருக்கும் கேட்டலேஸ் பட்டதும் படபடவென்று ஆக்சிஜனை விடுகிறது. பாப்பாவுக்கு வேண்டுமானால் இப்படிச் சொல்லுங்கள்: ஆக்டிவேட்டட் கரி என்பது 'கதவு திறந்த' கரி, கிளர்வு ஆற்றல் என்பது கதவுக்கு முன்னால் இருக்கும் படியின் உயரம். சொல் ஒன்றாக இருக்கிறதே தவிர இரண்டும் வேறு சங்கதி.

குலசேகரம்_ஷீட்டு:

இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். ரப்பரிலும் இந்தச் சொல் உண்டு. கந்தகம் போட்டு ரப்பரை வேகவைக்கும்போது துத்தநாக ஆக்சைடும் ஸ்டியரிக் அமிலமும் சேர்ப்போம், அவற்றுக்கு மிக்ஸிங்கில் 'ஆக்டிவேட்டர்' என்றே பெயர். அவை இல்லாமல் போட்டால் வேகுவதற்கு ரொம்ப நேரம் பிடிக்கும், சரக்கும் சரியாக வராது. வாத்தியார் சொல்கிற வரப்புக் கதை எனக்கு அங்கேதான் புரிந்தது.

லேப்_அக்கா:

அப்பாவின் சீட்டில் இருப்பது ஏபிடிடி-யாக இருக்கும். ரத்தம் உறைய எத்தனை வினாடி ஆகிறது என்று பார்க்கிற சோதனை அது. இது எனக்கு அன்றாட வேலை, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ரத்தத்தில் உறைய வைக்கும் காரணிகள் எப்போதும் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன, ஆனால் பூட்டிய நிலையில். திறந்த நிலையில் சுற்றினால் நாம் எல்லோரும் ஒரே கட்டியாக உறைந்துபோவோம். ஒன்று திறந்து அடுத்ததைத் திறக்கும், அது அதற்கடுத்ததை. திறந்த காரணியின் எண்ணுக்குப் பின்னால் சின்னதாக ஒரு 'ஏ' போடுவார்கள், அது ஆக்டிவேட்டட் என்பதற்குத்தான். நாங்கள் நீல மூடிக் குழாயில் ரத்தம் எடுப்போம். அதில் இருக்கிற சிட்ரேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் உறையாது. பிறகு பிளாஸ்மாவைப் பிரித்து, முதல் பூட்டைத் திறக்க ஒரு தூளைச் சேர்ப்போம், கயோலினோ சிலிக்காவோ. கயோலின் என்றால் வெள்ளைக் களிமண்தான், அதன் மேற்பரப்பில் பட்டதும் 12-ஆம் காரணி விழித்துக்கொள்ளும். கடைசியாகக் கால்சியத்தைக் கொடுத்துவிட்டு வினாடியை எண்ணுவோம். அந்தத் தூளைச் சேர்ப்பதால்தான் பெயரில் 'ஆக்டிவேட்டட்'. தூள் இல்லாமல் விட்டால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு நேரம் காட்டும். ஆகவே அது அப்பாவின் ரத்தத்தைப் பற்றிய குறையும் இல்லை, பாராட்டும் இல்லை, நாங்கள் சோதிக்கிற முறையின் பெயர். எண்ணை மட்டும் டாக்டரிடம் காட்டுங்கள்.

விட்டமின் டி கதை வேறு. வெயிலில் தோலில் உண்டாவதும் சரி, சாதாரண மாத்திரையும் சரி, வந்த உருவில் பெரிதாக வேலை செய்யாது. கல்லீரல் ஒரு மாற்றம் செய்யும், கிட்னி இரண்டாவது மாற்றத்தைச் செய்யும், அப்புறம்தான் அது கால்சிட்ரியால். கிட்னி தளர்ந்தவருக்கு அந்தக் கடைசி வேலை சரியாக நடப்பதில்லை, அதனால் முடித்த சரக்கையே கொடுக்கிறார்கள். 'ஆக்டிவ்' என்பதால் ஸ்ட்ராங் என்று நினைத்து வீட்டில் மற்றவர்கள் எடுத்துப் போட வேண்டாம், கால்சியம் ஏறிவிடும்.

மரச்சீனி_ஆசான்:

அக்கா சொன்ன பூட்டுக்கு நம்ம தோட்டத்திலேயே சாட்சி இருக்கிறது. மரச்சீனிக் கிழங்கில் லினமரின் என்று ஒரு பொருள், அதை உடைக்கிற என்சைம் வேறொரு அறையில். கிழங்கு முழுசாக இருக்கிறவரை இரண்டும் சந்திக்காது. எலி கடித்தாலோ நாம் நறுக்கினாலோ சுவர் உடைந்து இரண்டும் கலக்கும், கடைசியில் சயனைடு வரும். கசப்பு மரச்சீனியை நறுக்கி, வேகவைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டுகிற நம்ம பழக்கம் அதற்குத்தான்.

கணையமும் அப்படித்தான். புரதத்தைத் தின்னும் டிரிப்சினை அது பூட்டியே அனுப்புகிறது, குடலுக்குள் போன பிறகுதான் இன்னொரு என்சைம் ஒரு துண்டை வெட்டித் திறக்கிறது. பித்தக்கல்லாலோ குடியாலோ அது கணையத்துக்குள்ளேயே திறந்துகொண்டால் கணையம் தன்னையே செரிக்கத் தொடங்கும். ஆக்டிவேட் ஆவது எல்லாமே நல்லது என்று நினைக்கிற பரசேரித் தம்பிக்கு இது.

பரசேரி_பையன்:

ஆசானே, ஒத்துக்கொள்கிறேன். எலுமிச்சையையும் வாபஸ் வாங்கிவிட்டேன். விஷம் குடித்தவருக்குக் கரி கொடுப்பார்கள் என்பார்களே, அதுவும் இதே கரியா?

லேப்_அக்கா:

அதே இனம்தான், ஆனால் மருந்துக்கென்று சுத்தமாகத் தயாரித்த தூள். ஆஸ்பத்திரியில், சாப்பிட்டுப் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் வந்தால் யோசிப்பார்கள். மண்ணெண்ணெய், ஆசிட், இரும்பு மாத்திரை இவற்றுக்கு அது உதவாது. வீட்டில் அடுப்புக் கரியைக் கரைத்துக் கொடுத்து நேரத்தை வீணாக்காமல் வண்டியை எடுங்கள்.

திங்கள்சந்தை_தென்னை:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. நாகர்கோவிலில் ஃபில்டருக்கான சிரட்டைக் கரி இரண்டு கிலோ வாங்கி, பழைய கூட்டில் நிரப்பிவிட்டேன். நேற்றுச் சாயங்காலம் காப்பியில் வாடை இல்லை. தண்ணீர் மட்டும் இன்னும் லேசாகச் சாம்பல் நிறத்தில் வருகிறது, இதையும் தப்பாகச் செய்துவிட்டேனா?

மூட்டக்காரன்:

இல்லை அண்ணாச்சி, அது கரித்தூசி. கரியை வாளியில் கொட்டி நல்ல தண்ணீரில் அலசி அலசி ஊற்றுங்கள், தெளிந்து வருகிறவரை. வாடை திரும்ப எட்டிப்பார்க்கிற அன்று கரியை மாற்றுங்கள், வெயிலில் காயவைத்தால் பழையபடி ஆகாது. நீங்கள் சுட்ட கரியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், தெருமுனையில் தேய்ப்புக் கடை இருந்தால் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள்.