ஹேஷ் பட்டியலை ஒப்பிட்டால் மெஷின் உறைந்துவிடுகிறது, அவசரம்

பாயான்லெப்பாஸ்_ஐடி
வணக்கம். கம்பெனி பாஸ்வேர்டுகள் ஏற்கெனவே கசிந்தவையா என்று பார்க்கச் சொல்லிவிட்டார் மேனேஜர். கசிந்த பாஸ்வேர்டுகளின் ஹேஷ் (பாஸ்வேர்டிலிருந்து கணக்கிடும் குறியீடு) பட்டியலை முழுதாக ரேமில் ஒரு செட்டாக (தேடுவதற்கான தொகுப்பு) ஏற்றி, எங்கள் ஹேஷ்களை அதில் தேடும்படி பைத்தானில் எழுதி ஓட விட்டேன். கொஞ்ச நேரத்தில் எல்லாம் நின்றுவிடுகிறது, மௌஸ்கூட நகரவில்லை. திங்கட்கிழமை ரிப்போர்ட் கொடுக்கணும். யாராவது உதவுங்கள்.

செந்தூல்காரன்
எந்தப் பட்டியல்? என்ன ஹேஷ்? ரேம் எவ்வளவு? ஜாதகமே தராமல் பொருத்தம் பார்க்கச் சொன்னால் எப்படி, தம்பி?

பட்டர்வொர்த்_வாசி
யூஎஸ்பி டிஸ்கில் வைத்திருப்பீர்கள், பந்தயம் கட்டுகிறேன். எஸ்எஸ்டி ஒன்று வாங்குங்கள், சரியாகிவிடும்.

பாயான்லெப்பாஸ்_ஐடி
கசிந்த பாஸ்வேர்டுகளைத் திரட்டும் ஹேவ் ஐ பீன் போண்ட் தளத்தின் பட்டியல் அண்ணே, விண்டோஸ் பயன்படுத்தும் என்டிஎல்எம் ஹேஷ். ரேம் 16 ஜிபி. ஆமாம், யூஎஸ்பி டிஸ்க்தான்.

பட்டர்வொர்த்_வாசி
சொன்னேன்ல.

புச்சோங்_டேட்டா
டிஸ்கை விடுங்கள். போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் ஏற்றி இண்டெக்ஸ் போடுங்கள். நான் எல்லாவற்றுக்கும் அதுதான்.

பழைய_சர்வர்
இந்தக் கேள்விக்கு இங்கே முன்பே பதில் இருக்கிறது, தேடிப் படிக்கத்தான் யாருக்கும் பொறுமை இல்லை. 2021 டிசம்பர் பதிப்பிலேயே 847 மில்லியன் ஹேஷ். பைத்தானில் 32 எழுத்துச் சரம் ஒன்றுக்கு 73 பைட் (3.12-க்கு முன் 81). பெருக்கிப் பார், 60 ஜிபிக்கு மேல் வரும், செட்டின் அட்டவணை தனி. 16 ஜிபியில் எங்கே ஏற்றுவாய்? ரேம் நிறைந்து ஸ்வாப்புக்கு (டிஸ்கையே ரேமாகப் பயன்படுத்துவது) போய்விட்டது, அதுதான் மௌஸ் நகரவில்லை. எஸ்எஸ்டியாம், போஸ்ட்கிரஸாம்.

செந்தூல்காரன்
கணக்கு சரி, வழியையும் சொல்லியிருக்கலாம். தம்பி, தலைகீழாகச் செய்யுங்கள். உங்கள் ஆட்களின் ஹேஷ் சில ஆயிரம்தானே இருக்கும்? அதைச் செட்டில் வையுங்கள். பெரிய கோப்பை வரிவரியாக ஒரே ஒரு தடவை ஓட விட்டு, ஒவ்வொரு வரியும் செட்டில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ரேம் ஏறவே ஏறாது. டிஸ்க் நொடிக்கு 100 எம்பி படித்தால், 30 ஜிபியைப் படிக்க ஐந்து நிமிடம். அதற்கு மேல் பைத்தானுக்குக் கொஞ்சம் நேரம்.

புச்சோங்_டேட்டா
சில ஆயிரத்துக்கு முழுப் பட்டியலே எதற்கு? அந்தத் தளத்தின் ஏபிஐக்கு (புரோகிராம் நேரடியாகக் கேள்வி அனுப்பும் வழி) ஹேஷின் முதல் ஐந்து எழுத்தை அனுப்பினால், அதில் தொடங்கும் எல்லா ஹேஷும் வரும். என்டிஎல்எம்முக்கும் உண்டு. முழு ஹேஷ் வெளியே போகாது.

பழைய_சர்வர்
ஐந்து எழுத்தானாலும் வெளியே போவது போவதுதான். அதைவிட, அந்த ஹேஷ் எல்லாம் இப்போது யார் லேப்டாப்பில் இருக்கிறது? என்டிஎல்எம்மில் உப்பு (ஹேஷ் போடுமுன் சேர்க்கும் தற்செயல் எழுத்துகள்) கிடையாது. அதோடு, கிடைத்தவன் பாஸ்வேர்டை உடைக்காமலே அந்த ஹேஷை வைத்து உள்ளே நுழையலாம்.

பட்டர்வொர்த்_வாசி
மேனேஜர் சொல்லித்தானே செய்கிறார், அவரை ஏன் மிரட்டுகிறீர்கள்?

பழைய_சர்வர்
மிரட்டல் இல்லை. மலேசியாவில் 2025 ஜூன் 1 முதல், பெரும் பாதிப்பு தரக்கூடிய தரவுக் கசிவை 72 மணி நேரத்துக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம் தெரிவிக்கணும். லேப்டாப் தொலைந்தால் அந்த மேனேஜர் உன் பெயரைத்தான் சொல்வார். எழுத்தில் அனுமதி வாங்கு. பெயர்களை எடுத்துவிட்டு வரிசை எண் போடு.

புச்சோங்_டேட்டா
ஐந்து எழுத்துக்கு 800-க்கு மேல் ஹேஷ் வருகிறது, அதில் உங்களுடையது எது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? படிக்காமல் பேசுவது யார் இப்போது?

பாயான்லெப்பாஸ்_ஐடி
செந்தூல் அண்ணே, ஓடி முடிந்தது! ஆனால் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. நல்ல செய்தி என்று எழுதிவிடலாமா?

செந்தூல்காரன்
ஐயோ, வேண்டாம். அந்தக் கோப்பில் ஹேஷுக்குப் பின்னால் முக்காற்புள்ளியும் எண்ணிக்கையும் இருக்கும், வரியின் முதல் 32 எழுத்தை மட்டும் வெட்டுங்கள். அப்புறம் அதில் எல்லாம் பெரிய எழுத்து, உங்களுடையது சிறிய எழுத்தாக இருக்கலாம். password என்ற சொல்லையே (ஆங்கிலச் சிறிய எழுத்தில்) ஹேஷாக்கிச் சோதியுங்கள், 8846 என்று தொடங்கும். அது சிக்காவிட்டால் கோடில்தான் கோளாறு. 31டி6 என்று தொடங்குபவை காலி பாஸ்வேர்ட், அவற்றைத் தனியாகப் பாருங்கள்.

பட்டர்வொர்த்_வாசி
எஸ்எஸ்டியில் இன்னும் சீக்கிரம் முடிந்திருக்கும்.

பாயான்லெப்பாஸ்_ஐடி
வெட்டிப் பெரிய எழுத்தாக்கினேன், வந்துவிட்டது. நன்றி அண்ணே.

புச்சோங்_டேட்டா
எத்தனை பேர் மாட்டினார்கள்?

பழைய_சர்வர்
அதை இங்கே போடாதே, தம்பி.