ஞாயிறு இறுதிப் போட்டி: எம்பாப்பே நிற்கும் பக்கம் யாருக்கு ஆபத்து?

பாளை மைதானம் | டிசம்பர் 16, 2022, மாலை 6.10

நாளை மறுநாள் இரவு எட்டரை மணிக்கு லுசைல் மைதானத்தில் அர்ஜென்டினாவும் பிரான்ஸும் உலகக் கோப்பை இறுதியில் மோதுகின்றன. பாளையங்கோட்டையில் எந்தத் தேநீர்க் கடையில் நின்றாலும் மெஸ்ஸியின் பெயர்தான் காதில் விழுகிறது. ஆனால் ஆசை வேறு, கணிப்பு வேறு. என் கணிப்பு பிரான்ஸ்.

காரணம் களத்தின் இடப்புறம். அங்கே ஆடும் பிரான்ஸின் எம்பாப்பே தடுப்பாட்டத்துக்குத் திரும்பி வருவதில்லை. அதைச் சோம்பல் என்பவர்கள் உண்டு, நான் அதை ஏற்பாடு என்பேன். பந்து பிரான்ஸ் வீரர் ஒருவரின் காலுக்கு வரும் நொடியில், எதிரணியின் வலப்புறத் தடுப்பாட்டக்காரர் விட்டுவிட்டு வந்த வெற்றிடத்தை நோக்கி அவர் ஏற்கெனவே ஓடத் தொடங்கியிருக்கிறார். 2018இல் கசான் நகரில் இதே அர்ஜென்டினாவை பிரான்ஸ் 4-3 என்று வென்றபோது, தம் பாதியிலிருந்து பந்தோடு ஓடிப் பெனால்டி வாங்கித் தந்ததும், பிறகு இரண்டு கோல் அடித்ததும் அவர்தான். அப்போது அவருக்கு வயது 19. இப்போது அவரைச் சமாளிக்க வேண்டியவர் அர்ஜென்டினாவின் வலப்புறத் தடுப்பாட்டக்காரர் மோலினா. நெதர்லாந்துக்கு எதிராக முன்னேறிச் சென்று கோல் அடித்த மோலினா, ஞாயிறன்றும் அப்படி முன்னேறினால் திரும்பி வர நேரம் இருக்காது.

வண்ணாரப்பேட்டை (மறுமொழி) | மாலை 7.45

அண்ணாச்சி, மடையைத் திறந்தவன் காவலும் இருக்க வேண்டும். எம்பாப்பே திரும்பி வராததால் பிரான்ஸின் இடப்புறத்தைத் தியோ எர்னாண்டஸ் ஒருவரே காக்கிறார் என்பதை நீங்கள் வசதியாக விட்டுவிட்டீர்கள். காலிறுதியில் இங்கிலாந்தின் மவுண்டை அவர் பின்னாலிருந்து தள்ளிக் கொடுத்த பெனால்டியைக் கேன் கம்பத்துக்கு மேலே அடிக்காமல் இருந்திருந்தால் ஆட்டம் சமனாகியிருக்கும். அரையிறுதியில் மொராக்கோவின் ஹக்கிமியும் ஸியெஷும் அதே பக்கத்தில் எவ்வளவு தொல்லை கொடுத்தார்கள் என்றால், 65ஆவது நிமிடத்தில் பிரான்ஸ் பயிற்சியாளர் தெஷாம் முன்கள வீரர் ஜிரூவை வெளியே எடுத்து, எம்பாப்பேயை நடுவுக்கு நகர்த்தி, அந்த ஓரத்தைக் காக்கத் துராமை இறக்க வேண்டியதாயிற்று. தம் ஏற்பாட்டைப் பயிற்சியாளரே பாதி ஆட்டத்தில் மாற்றுகிறார் என்றால் அதை முழுப் பலம் என்று எப்படிச் சொல்வது?

மெஸ்ஸி இயல்பாகவே வலப்புறமாக ஒதுங்கி ஆடுகிறவர். அதாவது, தியோ தனித்து நிற்கும் அதே இடம். அரையிறுதியில் குரோஷியாவின் குவார்டியோலை அந்த ஓரத்தில் இழுத்துக்கொண்டே போய் ஆல்வரஸுக்குப் பந்தை வைத்ததைப் பார்த்தபின்னும் ஐயமா?

பாளை மைதானம் | இரவு 8.30

மொராக்கோ தொல்லை கொடுத்தது உண்மை. இருந்தும் ஆட்டம் 2-0 என்றுதான் முடிந்தது. மெஸ்ஸியின் 5 கோலையும் எம்பாப்பேயின் 5 கோலையும் ஒரே தராசில் வைக்கிறார்கள். மெஸ்ஸியின் ஐந்தில் மூன்று பெனால்டி. எம்பாப்பேயின் ஐந்தும் ஓடும் ஆட்டத்தில் வந்தவை.

இதைவிடப் பெரிய குறை ஒன்று அர்ஜென்டினாவிடம் உள்ளது. முன்னிலை பெற்றால் அவர்களுக்கு அதைக் காக்கத் தெரியவில்லை. சவூதி அரேபியாவிடம் ஒரு கோல் முன்னிலையில் இருந்துவிட்டு, இடைவேளைக்குப் பின் சில நிமிடங்களுக்குள் இரண்டு கோல் வாங்கித் தோற்றார்கள். ஆஸ்திரேலியாவிடம் இரண்டு கோல் முன்னிலை இருந்தும், கடைசி நிமிடத்தில் கோல்கீப்பர் மார்டினஸ் உடம்பால் மறித்துத்தான் தப்பினார்கள். நெதர்லாந்திடம் 83ஆவது நிமிடம் வரை 2-0. பிறகு கூடுதல் நேரம், பெனால்டி உதைகள். பிரான்ஸுக்கு எதிராக இந்தப் பதற்றம் செல்லாது.

வண்ணாரப்பேட்டை | இரவு 9.20

முன்னிலையைக் காப்பது பற்றி அர்ஜென்டினா ரசிகனாக எனக்கும் வயிற்றில் புளி கரைகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதைச் சொல்லும் உரிமை பிரான்ஸுக்கு இல்லை. 2021 ஜூனில் ஐரோப்பியக் கோப்பையில் சுவிட்சர்லாந்திடம் 80 நிமிடம் தாண்டியும் 3-1 என்று முன்னிலையில் இருந்தவர்கள் யார்? 3-3 ஆகி, பெனால்டி உதைகளில் சுவிட்சர்லாந்தின் ஐந்தில் ஒன்றைக்கூடப் பிரான்ஸ் கோல்கீப்பர் லோரிஸ் தடுக்கவில்லை. கடைசி உதையைத் தவறவிட்டவர் நீங்கள் கொண்டாடும் எம்பாப்பேயேதான். எங்கள் மார்டினஸோ அடுத்த சில நாட்களில் கோபா அமெரிக்கா அரையிறுதியில் கொலம்பியாவின் மூன்று உதைகளைத் தடுத்தார். இந்தத் தொடரில் நெதர்லாந்தின் முதல் இரண்டையும் தடுத்தார்.

சவூதித் தோல்விக்குப் பின் இந்த அணி வேறு அணி. என்சோ பெர்னாண்டஸ், மக் அலிஸ்டர், ஆல்வரஸ் ஆகிய மூவரும் அந்த முதல் ஆட்டத்தின் தொடக்க அணியில் இல்லை. இப்போது அவர்கள் இல்லாமல் அணியே இல்லை. பயிற்சியாளர் ஸ்கலோனி எதிரியைப் பார்த்து ஆட்களை அடுக்குகிறார்: நெதர்லாந்துக்குப் பின்னால் ஐவர், குரோஷியாவுக்கு நடுக்களத்தில் நால்வர்.

கடையம்காரன் | இரவு 9.50

இருவரும் ஒரே ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். பிரான்ஸின் வலப்புறத்தில் ஆடும் குண்டே இயல்பில் நடுத்தடுப்பாட்டக்காரர். காயத்தால் அதிகம் ஆடாத டி மரியாவை ஸ்கலோனி அந்தப் பக்கம் இறக்கினால் என்ன ஆகும் என்று யோசித்தீர்களா?

பாளை மைதானம் | இரவு 10.05

டி மரியா தொண்ணூறு நிமிடம் தாங்க மாட்டார் தம்பி. அதை விடுங்கள்.

வண்ணாரப்பேட்டை அன்பருக்கு: எல்லோரும் எம்பாப்பேயைப் பார்க்கிறோம், ஆனால் இந்தத் தொடரில் பிரான்ஸைத் தாங்குகிறவர் கிரீஸ்மன். போக்பா, கான்டே, பென்சிமா மூவரும் காயத்தால் இல்லாத நிலையில், முன்கள வீரராகவே அறியப்பட்ட அவரைத் தெஷாம் நடுக்களத்துக்கு இறக்கினார். இங்கிலாந்துக்கு எதிரான இரண்டு கோலுக்கும் பந்து கொடுத்தவர் அவர். மொராக்கோவுக்கு எதிராகத் தம் பெனால்டிப் பகுதிக்குள்ளேயே நின்று பந்தை வெளியேற்றிக்கொண்டிருந்தவரும் அவர். எழுவர் ஆட்டங்களில் விளையாடிய காலத்தில் நாங்கள் எல்லோரும் கோல் அடிக்க முன்னால் ஓடிவிடுவோம், பின்னால் நிற்க ஆளே இருக்காது. அப்படிப் பின்னால் நிற்கச் சம்மதிக்கும் பெரிய ஆட்டக்காரர் ஒருவர் அமைவது அபூர்வம் என்பது எனக்கு அனுபவத்தில் தெரியும். 1962இல் பிரேசில் செய்தபின் எந்த அணியும் கோப்பையை அடுத்தடுத்து வென்றதில்லை. 2018இல் கோப்பையை வென்ற இவர்களால் முடியும் என்று நான் நம்புவது கிரீஸ்மனால்தான்.

வண்ணாரப்பேட்டை | இரவு 10.40

கிரீஸ்மனைப் பற்றி எதிர்வாதம் இல்லை. அவரை ஒட்டிக்கொண்டே நிற்க எங்களிடம் தே பால் இருக்கிறார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். உபமெகானோவும் ரபியோவும் உடல்நலக் குறைவால் அரையிறுதியில் ஆடவில்லை என்பதையும், அர்ஜென்டினாவுக்கு ஒரு நாள் கூடுதல் ஓய்வு கிடைத்திருக்கிறது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். என் கணிப்பு 2-1, அர்ஜென்டினா.

பாளை மைதானம் | இரவு 10.55

என்னுடையது 3-1, பிரான்ஸ். பெனால்டி உதை வரை போனால் முடியப் பதினொன்றரை ஆகிவிடும். மார்கழி பிறந்துவிட்டதால் வீட்டில் நாலு மணிக்கே எழுப்பிவிடுவார்கள். திங்கட்கிழமை விடியற்காலை கோயிலில் பொங்கல் வாங்கும் வரிசையில் சந்திப்போம், தோற்றவர் இரண்டு வீட்டுத் தூக்குவாளியையும் தூக்கி வர வேண்டும்.