ரஜுலா கப்பலில் வந்த பீங்கான் சட்டி, எந்தக் காலத்தது?

வெளிப்பாளையத்தான்:
நாகப்பட்டினத்தில் எங்கள் பழைய வீட்டைப் பிரிக்கிறோம். பரணில் மூடியோடு ஒரு பீங்கான் சட்டி கிடைத்தது, அப்பாயி அதில் மாவடு போட்டு வைப்பாராம். ரோஸ், பச்சை, மஞ்சள், நடுவில் நீள வால் பறவை, சுற்றிலும் பெரிய பெரிய பூ, மூடிப் பிடியில் குட்டிச் சிங்கம். அடியில் சிவப்பில் சதுரமாகச் சீன எழுத்து. தாத்தா ரஜுலா கப்பலில் பினாங்கு போய் வந்தவர். பழைய சாமான் வாங்குகிறவர் ஒருவர் பார்த்துவிட்டு, மிங் காலம், ஐந்நூறு வருஷம், நாலாயிரம் தருகிறேன் என்கிறார். கொடுத்துவிடலாமா?

குடமுருட்டி:
ஐந்நூறு வருஷச் சாமானுக்கு நாலாயிரமா! கொடுக்காதீர்கள் தம்பி. சீனாவில் மிங் அரசர்கள் ஆட்சி 1644-ல் முடிந்தது, இந்த ரோஸ் வண்ணம் சீனப் பீங்கானில் ஏறியதே 1720-ஐ ஒட்டித்தான், ஆக அந்தப் பேச்சு அங்கேயே அடிபட்டுப் போகிறது. நீங்கள் சொல்வது ஃபீனிக்ஸ் பறவையும் பியோனிப் பூவும். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூரில் இருந்த பாபா நோன்யா சீனக் குடும்பங்கள் கல்யாணம் காட்சிக்கென்று சீனாவின் ஜிங்டெசென் சூளைகளிலிருந்து தருவித்த சாமான் மாதிரி தெரிகிறது, மூடிச் சட்டிக்கு அங்கே கம்ச்செங் என்று பெயர். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதி முதல் 20-இன் தொடக்கம் வரை இவை நிறைய வந்தன. ரஜுலா ஓட ஆரம்பித்தது 1926-ல், ஆனால் தாத்தா வாங்கிய வருஷம் வேறு, சூளையில் வெந்த வருஷம் வேறு.

அடி முத்திரையை வைத்து வயது சொல்லாதீர்கள். காங்ஷி என்ற சீன அரசர் (1662–1722) காலச் சாமானிலேயே இருநூறு வருஷம் முந்தைய செங்குவா அரசர் பெயரைப் போட்டிருக்கிறார்கள், பாதி மரியாதை, பாதி வியாபாரம்.

மாயவரத்துக்காரி:
புதுசாகச் செய்த போலியும் உண்டு, அதையும் பார்த்துவிடுங்கள். விரலால் தடவினால் வண்ணம் மெருகுக்கு மேல் லேசாக மேடு தட்ட வேண்டும். லென்ஸில் பத்திரிகைப் படம் போலப் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அச்சு ஒட்டியது. அடி வளையத்தில் மெருகு படாத இடம் கை பட்டுத் தேய்ந்து வழவழப்பாக இருக்கிறதா? ஒரே சீராகப் பழுப்பு பூசினாற்போல இருந்தால் எனக்குச் சந்தேகம்தான்.

தயவுசெய்து சபீனா போட்டுத் தேய்க்காதீர்கள். எங்கள் வீட்டு ஜப்பான் தட்டில், 'ஆக்குபைட் ஜப்பான்' என்று அடியில் போட்ட, போருக்குப் பிந்தைய 1945–52 ஆக்கிரமிப்புக் காலச் சாமான், தங்க விளிம்பு முழுவதையும் நானே ஒரு தீபாவளிக்குக் கழுவி விட்டேன்.

வெளிப்பாளையத்தான்:
நன்றி அக்கா. லென்ஸில் தூரிகைக் கோடுதான், ஒரு இதழ் மாதிரி இன்னொன்று இல்லை. சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் தனக்கு வேண்டும் என்கிறான், எடுத்துப் போகலாமா?

குடமுருட்டி:
நூறு வருஷம் தாண்டியது என்றால் 1972 சட்டப்படி அது தொல்பொருள், தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. தொல்லியல் துறையில் காட்டிக் கேட்டுவிட்டு அப்புறம் அண்ணனிடம் பேசுங்கள்.

வெளிப்பாளையத்தான்:
சரிண்ணே. இன்று காலை அந்த வியாபாரியே போன் செய்தார், இப்போது ஆறாயிரமாம். மிங் பேச்சே எடுக்கவில்லை.