ஸ்டேஷன் வாசலில் சூடு ஏறிய கதைகள்: எலைட் டேஞ்சரஸில் கடத்தல் ஓட்டம்

மஞ்சக்குப்பம்:

கடலூர், பாண்டிப் பக்கம் எலைட் டேஞ்சரஸ் என்ற விண்வெளிக் கப்பல் ஓட்டும் கணினி விளையாட்டை ஆடுகிறவர்கள் யாராவது இருந்தால், கடத்தல் ஓட்டத்தில் தப்பித்ததையும் மாட்டியதையும் இங்கே எழுதுங்கள். 2014 டிசம்பரில் வந்த விளையாட்டு. ஆனால் சைலன்ட் ரன்னிங் பற்றித் தமிழில் எழுதியதை நான் இதுவரை படித்ததில்லை. நானே ஆரம்பிக்கிறேன்.

போன கத்திரி வெயிலில் நடந்தது. ராத்திரி பத்து மணிக்கும் மொட்டைமாடித் தரையில் கால் வைக்க முடியவில்லை. லேப்டாப்பின் அடியில் இரண்டு செங்கல் வைத்து, டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி ஆடிக்கொண்டிருந்தேன். கப்பல் கோப்ரா மார்க் 3. உள்ளே முழுக்கத் தடை செய்த சரக்கு. போக வேண்டியது ஒரு கொரியோலிஸ் ஸ்டேஷன், ஒரே ஒரு வாசல் உள்ள விண்வெளி நிலையம். பிளாக் மார்க்கெட் உள்ளேதான் இருக்கிறது, ஆனால் வாசலில் காவல் கப்பல்கள் சுற்றிக்கொண்டே இருக்கும்.

விஷயம் தெரியாதவர்களுக்காக: இந்த விளையாட்டில் மற்ற கப்பலின் சென்சார் நம்மைக் கண்டுபிடிப்பது நம் சூட்டை வைத்துத்தான். சைலன்ட் ரன்னிங் போட்டால் கப்பலின் வெப்பத் திறப்புகள் மூடிக்கொள்ளும். சூடு வெளியே போகாது, அதனால் நாம் தெரியமாட்டோம். ஆனால் அந்தச் சூடு எங்கே போகும்? உள்ளேயே சேரும். கூடவே ஷீல்டும் போய்விடும். சூடு நூறு சதவீதத்தைத் தாண்டினால் பாகங்கள் ஒவ்வொன்றாகக் கெட ஆரம்பிக்கும்.

அன்று நான் செய்த தப்பு ஒன்றுதான், ரொம்ப சீக்கிரம் பட்டனைத் தட்டிவிட்டேன். சூப்பர்குரூஸ் என்கிற அதிவேகப் பயணத்திலிருந்து வெளியே வந்ததுமே, ஸ்டேஷனுக்கு இன்னும் ஒன்பது கிலோமீட்டர் இருக்கும்போதே போட்டுவிட்டேன். 7.5 கிலோமீட்டருக்குள் போனால்தான் டாக்கிங் அனுமதி கேட்க முடியும். அனுமதி வாங்கி வாசலுக்கு நேராகத் திரும்பும்போது சூடு ஐம்பதைத் தாண்டிவிட்டது. அவசரத்தில் பூஸ்ட் அடித்தேன், அதுவும் சூட்டை ஏற்றியது. எண்பத்தைந்தில் ஒரு ஹீட் சிங்க் விட்டேன், அதாவது சூட்டை உறிஞ்சிக்கொண்டு வெளியே எறியப்படும் கட்டி. கப்பலிலிருந்து செக்கச்செவேலென்று ஒரு கட்டி கழன்று பின்னால் போனது. எண் மளமளவென்று ஒற்றை இலக்கத்துக்கு இறங்க, முன்கண்ணாடியின் ஓரமெல்லாம் பனி பூத்துப் பரவியது. வேர்த்து வழிந்துகொண்டு அந்தப் பனியைப் பார்த்தபோது எனக்கே உடம்பு குளிர்ந்த மாதிரி இருந்தது. சரி, போய்ச் சேர்ந்துவிடலாம் என்று நினைத்தேன்.

அப்போதுதான் வாசலை முழுசாக அடைத்துக்கொண்டு டைப் 9 என்ற பெரிய சரக்குக் கப்பல் வெளியே வந்தது. ஆடுகிறவர்களுக்குத் தெரியும், அது பக்கவாட்டில் இடம் விடாது. நிறுத்திக் காத்திருந்தேன். மறுபடி அறுபது, எண்பது, நூறு. கேபினில் பொறி பறக்கிறது. ஹீட் சிங்க் அது ஒன்றுதான் மிச்சம் இருந்தது, முந்தின ஸ்டேஷனில் நிரப்ப மறந்திருந்தேன். வேறு வழியில்லாமல் திறப்பைத் திறந்தேன். சேர்த்து வைத்த சூடு மொத்தமும் ஒரே நேரத்தில் வெளியே கொட்டியது. இருட்டில் தீப்பந்தம் பிடித்த மாதிரி. வைப்பர் வகைக் காவல் கப்பல் ஒன்று அப்படியே மூக்கைத் திருப்பியது. ஸ்கேன் எச்சரிக்கை, அபராதம். அதற்குப் பிறகு பயந்து போய் வேகமாக நுழைந்து வாசல் விளிம்பில் உரசியதில் கப்பலின் உடலான ஹல்லும் பாதி போனது, ஷீல்டு இன்னும் திரும்பியிருக்கவில்லை.

முத்தியால்பேட்டை:

தம்பி, உங்கள் கதையைப் படித்ததும் 2015 ஞாபகம் வந்துவிட்டது. அப்போது ரொபிகோ ஓட்டம்தான் எல்லோருக்கும் வருமானம். நூற்றுக்கணக்கான ஒளியாண்டு தள்ளி இருக்கிற அந்தச் சுரங்கத் தளத்தில் கடத்தல் வேலைகளை மொத்தமாக எடுத்து, நேரம் முடிவதற்குள் கொண்டுவந்து இறக்க வேண்டும். வழியில் ஸ்கேன் ஆனால் அபராதம் ஒரு பக்கம், எடுத்த வேலை அத்தனையும் போய்விடும் மறுபக்கம். நான் ஆஸ்ப் எக்ஸ்ப்ளோரர் கப்பலில் ஓட்டினேன்.

மூன்று மணி நேரம் ஓட்டி வந்து கடைசி இரண்டு நிமிடத்தில் கோட்டை விட்ட ராத்திரி ஒன்று உண்டு. அன்று எரிபொருள் நிரப்ப ஒரு நட்சத்திரத்தை ஒட்டிப் போனேன். கே, ஜி, பி, எஃப், ஓ, ஏ, எம் வகை நட்சத்திரங்களில்தான் அள்ள முடியும் என்பது தெரியும்தானே. அள்ளும்போதே சூடு ஏறும். அது இறங்கும் முன்னாலேயே அடுத்த நட்சத்திரத்துக்குத் தாவ எஞ்சினுக்குச் சார்ஜ் போட்டேன், அதில் இன்னும் ஏறியது. நூறைத் தாண்டிவிட்டது. பெரிதாகத் தெரியவில்லை, தாவிவிட்டேன். போய்ச் சேர்ந்த பிறகுதான் பார்க்கிறேன், ஹீட் சிங்க் லாஞ்சரே அடிபட்டிருக்கிறது. ஸ்டேஷன் வாசலில் அழுத்துகிறேன், விழவில்லை.

அன்றிலிருந்து சரக்கோடு இருக்கும்போது நட்சத்திரத்தை விட்டுத் தள்ளி வந்து, சூடு இறங்கிய பிறகுதான் சார்ஜ் போடுவேன். இருபது வினாடி வீணாகும், பரவாயில்லை.

இன்னொன்று. பவர் பிளான்டை ஏ வகுப்புக்கு மாற்றினீர்களா? எடை குறையட்டும் என்று நிறையப் பேர் டி வகுப்பு போடுகிறார்கள். கடத்தலுக்கு ஏ வகுப்புதான், அதே மின்சாரத்துக்குக் குறைந்த சூடு. தேவையில்லாத பாகங்களையும் அணைத்துவிடுங்கள். ஸ்டேஷன் வாசலில் எரிபொருள் அள்ளும் ஃபியூயல் ஸ்கூப்புக்கு என்ன வேலை?

வில்லியனூர்:

நான் பள்ளியில் இயற்பியல் எடுக்கிறவன். மகன் ஆடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துத்தான் எனக்கு இந்தப் பழக்கம் வந்தது. இந்த விளையாட்டின் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு, அதற்குக் காரணம் சூடுதான்.

வெப்பம் பரவும் வழிகள் மூன்று என்று பாடத்தில் படித்திருப்பீர்கள்: கடத்தல், சலனம், கதிர்வீச்சு. விண்வெளியில் முதல் இரண்டுக்கும் வழியில்லை. தொடுவதற்குப் பொருள் இல்லை, வீசுவதற்குக் காற்று இல்லை. மிஞ்சுவது கதிர்வீச்சு ஒன்றுதான். அதாவது, கடத்தல் நடக்காத இடத்தில்தான் நீங்கள் கடத்தல் செய்கிறீர்கள். வகுப்பில் இதைச் சொன்னபோது பிள்ளைகள் சிரித்தார்கள், ஆனால் அந்த மூன்று சொல்லையும் பிறகு யாரும் மறக்கவில்லை.

விண்வெளி குளிர்ச்சியானது, அதனால் கப்பல் தானாகக் குளிர்ந்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் சூட்டை வெளியேற்றுவதே பெரும்பாடு. சர்வதேச விண்வெளி நிலையத்தில் அம்மோனியாவைக் குழாய்களில் ஓட்டி, பெரிய வெள்ளைப் பலகைகள் வழியாகத்தான் சூட்டை வெளியே விடுகிறார்கள். ஸ்பேஸ் ஷட்டிலில் அந்தப் பலகைகள் சரக்கு அறைக் கதவின் உட்புறத்தில் இருந்தன. சுற்றுப்பாதைக்குப் போனதும் கதவைத் திறந்தாக வேண்டும். திறக்க முடியாமல் போனால் சீக்கிரமே பூமிக்குத் திரும்ப வேண்டியதுதான். சைலன்ட் ரன்னிங் போட்டு மூடிய திறப்பு என்பது மூடியே கிடக்கும் அந்தக் கதவுதான்.

ஹீட் சிங்க் விஷயம் இன்னும் அழகானது. எங்கள் ஊர் சுடுமண் வேலைக்குப் பேர்போனது, புவிசார் குறியீடு வாங்கியிருக்கிறது. மண்பானையில் தண்ணீர் எப்படிக் குளிர்கிறது? நுண்ணிய துளை வழியே கசிந்து வெளியே ஆவியாகிறது, போகும்போது சூட்டைத் தூக்கிக்கொண்டு போகிறது. நிலவில் நடந்தவர்களின் உடையிலும் இதே வேலைதான். முதுகுப்பையில் துளையுள்ள ஓர் உலோகத் தகடு. அதில் கசியும் நீர் வெற்றிடத்தைப் பார்த்ததும் உறைந்து பனியாகும், பனி நேரடியாக ஆவியாகிப் போகும், உடையின் சூடு அதோடு போகும். கொண்டுபோன தண்ணீர் தீர்ந்தால் குளிர்ச்சியும் தீர்ந்தது. கோப்ராவின் லாஞ்சரில் மூன்று கட்டிதான் இருக்கிறது என்றால் அதன் பொருளும் அதுவே. சூட்டை அழிக்க முடியாது, எதன் தலையிலாவது ஏற்றி அனுப்பத்தான் முடியும்.

ஒன்றை மட்டும் விளையாட்டுக்காக விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். நிஜத்தில் பின்னணி வெளி ஏறத்தாழ 3 கெல்வின், மனிதர் வாழும் கப்பல் 300 கெல்வின் பக்கம். அகச்சிவப்பில் பார்க்கிறவனுக்கு அது இருட்டில் விளக்குதான், ஒளிய முடியாது. ஆனால் திறப்பை மூடினால் உள்ளே வேகும் என்ற கணக்கை விட்டுவிடாமல் வைத்திருக்கிறார்களே, அதற்காகவே இதை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்ப்பேன்.

தேவனாம்பட்டினம்:

சின்ன விஷயம்தான். ஸ்டேஷன் வாசலில் பச்சை விளக்கு, சிவப்பு விளக்கு இருக்கிறதே, புதுசாக ஆடுகிறவர்கள் அதைக் கவனிப்பதில்லை. உள்ளே போகும்போது பச்சை நம் வலது கைப் பக்கம் இருக்க வேண்டும். எங்கள் அப்பா விசைப்படகு ஓட்டுகிறவர். துறைமுகத்துக்குள் நுழையும்போதும் அதே கணக்குதான், பச்சை வலது, சிவப்பு இடது. முதல் நாள் ஆடும்போது இதை அவர்தான் பின்னால் நின்று சொன்னார். பச்சைப் பக்கமாக ஒட்டிப் போனால், டைப் 9 இல்லாத நாளில் எதிரே வருகிற கப்பலோடு மோத வேண்டியிருக்காது. ஷீல்டு இல்லாமல் போகிறவனுக்கு இது உயிர் விஷயம்.

அண்ணே, நீங்கள் எந்தப் பக்கத்திலிருந்து வந்தீர்கள் என்று எழுதவில்லையே. கொரியோலிஸ் வாசல் அது சுற்றுகிற கோளைப் பார்த்துத்தான் இருக்கும். கோளின் பக்கம் சுற்றி வந்து சூப்பர்குரூஸை விட்டால் வாசல் நேராகவே தெரியும். பின்பக்கம் இறங்கினால் ஸ்டேஷனையே ஒரு சுற்று சுற்ற வேண்டும், அந்தச் சுற்றிலேயே பாதிச் சூடு ஏறிவிடும்.

மஞ்சக்குப்பம்:

பின்பக்கம்தான் இறங்கினேன் தம்பி. நீ சொன்ன பிறகுதான் உறைத்தது.

பாண்டியிலிருந்து பஸ்ஸில் வரும்போது ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் நிறுத்திப் பைகளைப் பார்ப்பார்களே, அங்கே எத்தனை நிமிடம் நிற்கிறோம் என்பதுதான் கணக்கு. இங்கேயும் அதேதான் என்று இப்போது புரிகிறது. காவல் கப்பல் பார்க்கக்கூடிய அந்த ஏழு கிலோமீட்டரை எத்தனை வினாடியில் கடக்கிறோம், அவ்வளவுதான். நான் சூட்டைப் பார்த்தேன், நேரத்தைப் பார்க்கவில்லை.

நேற்று ராத்திரி அதே ஸ்டேஷனுக்கு, அதே சரக்கோடு மறுபடி போனேன். முத்தியால்பேட்டை அக்கா சொன்னபடி ஏ வகுப்பு பவர் பிளான்ட், ஸ்கூப்பை அணைத்தாயிற்று, லாஞ்சரில் மூன்று கட்டி. கோளின் பக்கமிருந்து வந்தேன். அனுமதி வாங்கும்வரை திறப்பு திறந்தே இருந்தது. வாசலில் யாரும் வரவில்லை என்று பார்த்துக்கொண்டு ஒரே ஒரு பூஸ்ட், கப்பலைத் தானாக நிலைப்படுத்தும் ஃப்ளைட் அசிஸ்டை அணைத்தேன், அப்புறம்தான் சைலன்ட் ரன்னிங். எஞ்சினைத் தொடாமல் மிதந்தே போனேன். வலது பக்கம் ஒரு வைப்பர் குறுக்கே போனது, திரும்பவில்லை. மூன்று கிலோமீட்டரில் சூடு நாற்பத்தெட்டு. வாசலுக்கு முன்னால் ஃப்ளைட் அசிஸ்டைப் போட்டு வேகத்தைக் குறைத்தேன், எழுபத்தொன்று. பச்சை விளக்கு வலது பக்கம் நகர்ந்து பின்னால் போனது. உள்ளே வந்து திறப்பைத் திறந்தேன்.

ஹீட் சிங்க் மூன்றும் அப்படியே இருக்கிறது.